அறுபது நாள் பின்தங்கிய கணக்கு

ஸ்காட்லாந்தின் மலைப் பண்ணைகளில் செப்டம்பர் பிறந்ததும் பொலிகிடாக்களைப் பிடித்துப் பார்ப்பார்கள். நவம்பரில் மந்தையோடு விட வேண்டியவை. ஒரு கையால் தாடையையும் மறு கையால் இடுப்பையும் பற்றித் திருப்பி, பிட்டத்தின்மேல் உட்கார வைத்துவிட்டால் போதும். அதுவரை முட்டித் தள்ளிக்கொண்டிருந்த எண்பது கிலோ கிடா சாதுவாகிவிடும். கால்நடை மருத்துவர் விதைப்பையைக் கையில் ஏந்தி, இரண்டு விரைகளையும் கீழே இறக்கி, பருத்த இடத்தில் நாடாவைச் சுற்றுவார். வளர்ந்த கிடாவுக்கு 32 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் முகம் சுளிப்பார். பிறகு அழுத்திப் பார்ப்பார். மடக்கிய புஜத்துச் சதைபோல விண்ணென்று இருக்க வேண்டும். பஞ்சுபோல அமுங்கினால் அந்தக் கிடா அந்த வருடத்துக்கு ஆகாது.

அவர் விரல்களுக்கு அன்று தட்டுப்படுவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடந்த வேலை. செம்மறிக் கிடாவின் விரையில் ஒரு மூல உயிரணு பிரிந்து, உருமாறி, வால் முளைத்த விந்தணுவாக வெளிவரச் சுமார் 47 நாட்கள் பிடிக்கும். அங்கிருந்து எபிடிடைமிஸ் என்ற நீண்ட சுருள் குழாயில் நகர்ந்து, நீந்தவும் கருவுறச் செய்யவும் பக்குவப்பட்டு, அதன் வால்பகுதியில் உள்ள கிடங்குக்கு வந்து சேர மேலும் இரண்டு வாரம். ஆக, இன்று பெட்டையிடம் போகும் விந்தணு இரண்டு மாதத்துக்கு முன்பு தொடங்கப்பட்டது. கிடாக்களின் பருவ வேறுபாடு, இன வேறுபாடு பற்றிய ஆராய்ச்சியைப் படிக்கும்போது இந்த இடைவெளியை மறந்துவிட்டால் பாதி விஷயம் புரியாது. மந்தைக்காரர்கள் கிடாவின் குறையைப் பெட்டையின் தலையில் கட்டுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

உற்பத்தியின் அளவைச் சொன்னால் சிலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். நல்ல பருவத்தில் ஒரு கிராம் விரைத் திசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்களை உண்டாக்குகிறது. மனிதனில் இது 50 லட்சத்தை ஒட்டியே நிற்கும். அதோடு மனிதனின் இரண்டு விரைகளும் சேர்ந்து 40 கிராம் அளவுதான். பெரிய கிடாவுக்கோ 500 கிராம். பெருக்கிப் பார்த்தால் கிடாவின் ஒரு நாள் உற்பத்தி 1,000 கோடி. கிடங்கில் இருப்பு 10,000 கோடிக்கு மேல். ஒருமுறை வெளியேறும் விந்து ஒரு மில்லிலிட்டர்தான் இருக்கும். ஆனால் அதில் 300 கோடிக்கும் மேல் விந்தணுக்கள். ஆகவே விந்தணு எண்ணிக்கை என்பது பெரும்பாலும் விரையின் எடைக் கணக்கு. பருவமும் இனமும் அந்த எடையை ஏற்றி இறக்கியே தங்கள் வேலையைக் காட்டுகின்றன. நாடாவும் விரல்களும் ஆய்வகக் கருவிகளோடு இன்னும் போட்டி போடுவது இதனால்தான்.

எடையை ஏற்றி இறக்குவது எது? இந்தக் கேள்விக்கு எல்லா இனத்துக்கும் பொதுவான பதில் கிடையாது.

வடக்கிலிருந்து தொடங்கலாம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் செயின்ட் கில்டா என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் ஹிர்ட்டா என்ற தீவில் கடைசியாக மிஞ்சியிருந்த 36 பேரும் 1930-இல் ஊரைக் காலி செய்துகொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, பக்கத்துத் தீவான சோயேவிலிருந்து 107 செம்மறிகளைக் கொண்டுவந்து ஹிர்ட்டாவில் விட்டார்கள். சோயே இனம் பழமையானது; ஆள் மேய்ப்பும் தீவனமும் இல்லாமல் அங்கே தானாகப் பெருகி, பட்டினியில் மடிந்து, மறுபடி பெருகி வாழ்கிறது. அந்த அட்சரேகையில் கோடையில் 18 மணி நேரம் பகல். டிசம்பரில் ஆறரை மணி நேரத்தைச் சுற்றி. செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். நவம்பரில் சினையானால் ஏப்ரலில், புல் துளிர்க்கும் நேரத்தில் குட்டி விழும். ஆகஸ்டில் சினையாகும் பெட்டையின் குட்டி ஜனவரிப் பனியில் விழுந்து செத்துப்போகும். எத்தனையோ தலைமுறைகளாக இப்படிச் செத்தவை செத்து, மிச்சமான கிடாக்களின் உடம்பில் ஒரு பஞ்சாங்கம் எழுதப்பட்டுவிட்டது.

எடின்பரோவில் ஜெரால்ட் லிங்கன் என்ற ஆய்வாளர் இந்த சோயே கிடாக்களை அறைக்குள் வைத்து விளக்கை மட்டும் மாற்றிப் பார்த்தார். 16 வாரம் நெடும்பகல், 16 வாரம் குறும்பகல். உணவு அதே, வெப்பமும் ஏறக்குறைய அதே. கிடாவின் வருடம் 32 வாரமாகச் சுருங்கிவிட்டது. நெடும்பகலில் விரைகள் பாதிக்கும் கீழே வற்றின. குறும்பகல் வந்ததும் ஊறிப் பெருத்தன. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது, முட்டல் மோதல் கூடியது. இதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் யேட்ஸ் 1949-இல் பெட்டைகளின் பருவத்தை விளக்கொளியால் தலைகீழாக்கிக் காட்டியிருந்தார். அதற்கும் முன்னால், பூமத்தியரேகையைத் தாண்டிக் கப்பலில் போன செம்மறிகள் தெற்கின் நாட்காட்டிக்குத் தம்மை மாற்றிக்கொண்டதை மார்ஷல் 1937-இல் எழுதினார். குளிர் காரணமல்ல, வெளிச்சமே காரணம் என்பது அப்படித்தான் படிப்படியாக உறுதியானது.

கண்ணில் விழும் வெளிச்சத்தின் செய்தி மூளைக்குள் பல நிலையங்களைத் தாண்டி பீனியல் சுரப்பிக்குப் போகிறது. பீனியல் இரவில் மட்டும் மெலடோனின் சுரக்கும். இரவு நீண்டால் சுரப்பும் நீளும். மெலடோனின் தானாக எதையும் தூண்டுவதில்லை, அடக்குவதுமில்லை. இன்றைய இரவு எவ்வளவு நீளம் என்ற தகவலை உடம்புக்குச் சொல்லும் தலையாரி வேலை அதனுடையது. பிட்யூட்டரியின் தண்டுப்பகுதி அந்தத் தகவலை வாங்கி, தைராய்டு ஹார்மோன் வழியாக ஹைப்போதலாமஸுக்குக் கடத்துகிறது. அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் சிறு சிறு துடிப்புகளாக வெளிப்படுகிறது. துடிப்புகள் நெருங்கினால் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோன்கள் இரண்டும் உயரும், விரை வளரும், டெஸ்டோஸ்டிரோன் ஏறும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாதக் கடைசியிலும் பகலின் நீளம் ஒன்றுதான், 12 மணி நேரம். ஆனால் செப்டம்பரில் விரை உச்சத்தில் இருக்கிறது, மார்ச்சில் சுருங்கிக்கொண்டிருக்கிறது. கிடாவின் மூளை அன்றைய நீளத்தை மட்டும் படிப்பதில்லை. எங்கிருந்து இங்கே வந்தோம் என்ற ஞாபகத்தையும் சேர்த்துப் படிக்கிறது. குறும்பகலிலேயே நிரந்தரமாக வைத்தாலும் சில மாதங்களில் அந்தச் செய்தி சலித்துப்போய் விரை தானாகச் சுருங்கத் தொடங்கும். ஆகவே கிடாவை வருடம் முழுவதும் உச்சத்தில் வைக்க, எப்போதும் இருட்டாக வைத்தால் போதும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பிரான்சின் நூசிலியில் உள்ள ஆய்வாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒரு மாதம் நெடும்பகல், ஒரு மாதம் குறும்பகல், திரும்பவும் ஒரு மாதம் நெடும்பகல். இந்த வேகத்தில் மூளைக்குச் சலிக்கவும் நேரமில்லை, விரைக்குச் சுருங்கவும் நேரமில்லை. இல்-தெ-பிரான்ஸ் இனக் கிடாக்களை இப்படி வைத்தபோது பருவ ஏற்ற இறக்கமே மறைந்து, விரை தொடர்ந்து பெருத்தே நின்றது. செயற்கைக் கருவூட்டல் நிலையங்களுக்கு இது பெரிய லாபம். காதடியில் மெலடோனின் குச்சிகளைப் புதைப்பதும் வழக்கத்தில் உள்ளது. பெட்டைக்கு ஒன்று, கிடாவுக்கு மூன்று. ஆனால் முன்பு நெடும்பகலைக் கண்டிராத உடம்பில் அதுவும் எடுபடாது.

கருவூட்டல் நிலையத்தில் பருவ வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறையிட்ட குழாயோடு ஒருவர் குனிந்து காத்திருப்பார். கட்டிவைத்த பெட்டையைக் கிடா முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, தாவி ஒரே உந்தலில் காரியத்தை முடித்துவிடும். கண்ணாடிக் குப்பியின் அடியில் தேங்குவது நல்ல பருவத்தில் கெட்டிப் பாலேடு நிறத்தில் இருக்கும். மில்லிலிட்டருக்கு 400, 500 கோடி என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். பால்போல இருந்தால் 200 கோடி. நீர்த்திருந்தால் கொட்ட வேண்டியதுதான். ஒரு துளியைச் சூடான கண்ணாடிச் சில்லில் வைத்துக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் தனித்தனி அணு தெரியாது. ஆடி மாதத்து மேகம்போல அலையலையாகச் சுழலும். வசந்தத்தில் அதே கிடாவின் துளியில் அலை சோர்ந்திருக்கும். தலை கோணியவை, வால் மடிந்தவை கூடியிருக்கும். பெட்டை வசந்தத்திலும் கோடையிலும் முழுக்க அடங்கிவிடுகிறது. கிடா அப்படி முழுக்க நிற்பதில்லை, மட்டுப்படுகிறது. வீட்டு இனங்களில் பெரும்பாலானவை ஏப்ரலிலும் சினைப்படுத்தக் கூடியவைதான். ஆனால் அவற்றின் தாங்கும் சக்தி குறைவு. ஐம்பது பெட்டைகளைப் பார்க்க வேண்டிய கிடா இருபதிலேயே களைத்துவிடும்.

களைப்பு என்றதும் ஹிர்ட்டா நினைவுக்கு வருகிறது. அங்கே வலிய கொம்பன் கிடாக்கள் பருவம் தொடங்கியதும் பெட்டைகளை வளைத்துக்கொண்டு, இளையவற்றை விரட்டியடிக்கும். அவைதான் பெரும்பாலான குட்டிகளுக்கும் தகப்பன் என்று யாரும் எண்ணுவார்கள். 2001-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு மரபணுச் சோதனையோடு கணக்குப் பார்த்தது. பருவத்தின் தொடக்கத்தில் அது உண்மை. நாள் ஆக ஆக வலிய கிடாக்களின் கையிருப்பு கரைந்து, அவை ஏறிய பெட்டைகளுக்கும் வேறு கிடாக்களின் குட்டிகள் பிறந்தன. கிடங்கு காலியானால் கொம்பு உதவாது. ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி உற்பத்தி செய்யும் உறுப்புக்கும் தட்டுப்பாடு வரும் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தகவல்.

சோயேவுக்கு நேர் எதிர்ப்பக்கம் மெரினோ. ஸ்பெயினில் உருவாகி, ஆஸ்திரேலியாவில் பெருகிய கம்பளி இனம். பெர்த் நகரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணி நேரம் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மெரினோ கிடா அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வருடம் முழுவதும் விந்து உற்பத்தி நடக்கும். அது கண்டுகொள்வது தீவனத்தை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கிரேம் மார்ட்டினும் அவரோடு வேலை செய்தவர்களும் லூப்பின் என்ற பயறுவகைத் தானியத்தைக் கொண்டு நீண்டகாலம் இதைத் துருவினார்கள். காய்ந்த புல்லில் கிடந்த மெரினோ கிடாவுக்கு லூப்பின் சேர்த்துக் கொடுத்தால் சில நாட்களிலேயே ஜி.என்.ஆர்.எச். துடிப்புகள் நெருங்குகின்றன. இரண்டு மாதத்தில் உடம்பு ஏறுவதைவிட வேகமாக விரை ஏறுகிறது. பட்டினி போட்டால் உடம்பு வற்றும் முன்பே விரை வற்றுகிறது. ஆரம்பத் துடிப்பு அடங்கிய பிறகும் விரை தொடர்ந்து வளர்வதால், மூளை வழியாக அல்லாமல் வேறொரு பாதையும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள்.

அதே தீவனத்தை ஆங்கிலேய சஃபோக் கிடாவுக்கும் கொடுத்து ஒப்பிட்டது இந்த ஆய்வுகளிலேயே தெளிவானது. இரண்டுமே தீவனத்துக்குக் கொஞ்சம் அசைகின்றன, வெளிச்சத்துக்கும் கொஞ்சம் அசைகின்றன. ஆனால் சஃபோக்கில் வெளிச்சத்தின் சொல் மேலோங்குகிறது. பகல் நீளும் காலத்தில் எவ்வளவு கொட்டினாலும் அது கொழுக்குமே தவிர, விரையின் சரிவு நிற்காது. மெரினோவில் தீவனத்தின் சொல் மேலோங்குகிறது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். சஃபோக்கின் முன்னோர் வாழ்ந்த இடத்தில் புல் எப்போது வரும் என்பதைச் சூரியன் பிசகாமல் சொன்னது. மழை பொய்க்கும் நிலத்தில் சூரியனை நம்பிப் பயனில்லை. வயிற்றில் விழும் புல்லைத்தான் நம்ப வேண்டும். டார்செட் இனம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் நீண்ட இனப்பெருக்கக் காலத்தை நம்பித்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்தில் ஐந்து ஈற்று எடுக்கும் முறையை வகுத்தார்கள்.

விரையின் அளவு கிடாவோடு முடிந்துபோகும் விஷயமும் அல்ல. எடின்பரோவில் ஆர். பி. லாண்ட் 1973-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆணின் விரையையும் பெண்ணின் சினைப்பையையும் ஆள்பவை ஒரே பிட்யூட்டரி ஹார்மோன்கள். ஆகவே இளங்கிடாவின் விரை வளர்ச்சியைப் பார்த்து, அதன் மகள்கள் எத்தனை முட்டை விடுவார்கள் என்று ஓரளவு கணிக்கலாம். ஒரே ஈற்றில் பல குட்டி போடும் ஃபின் இனத்தில் கிடாக்குட்டிகளின் விரை சீக்கிரம் பெருப்பது இதற்குப் பொருந்தி வந்தது. பெட்டையில் மட்டும் தெரியும் குணத்தைக் கிடாவின் உடம்பில் அளக்க முடியும் என்பது இனவிருத்தியாளருக்குப் பெரிய வசதி.

வெளிச்சமும் தீவனமும் இனத்துக்கு இனம் அதிகாரம் மாறுபவை. வெப்பம் அப்படியில்லை. எந்த இனக் கிடாவின் விரையும் உடம்பின் 39 பாகைச் சூட்டில் வேலை செய்யாது; நான்கைந்து பாகை குறைவாக இருந்தாக வேண்டும். அதற்காக விரைக்கு மேலே ஒரு குளிர்விக்கும் ஏற்பாடு. பல மீட்டர் நீளமுள்ள தமனி பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. அதைச் சுற்றி, கீழிருந்து குளிர்ந்த இரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகள் கொடிபோலப் பின்னிக்கிடக்கின்றன. இறங்கும் சூட்டை ஏறும் குளிர் வாங்கிக்கொள்ளும். விதைப்பைத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய. வெயிலில் பை தொங்கும், குளிரில் ஒட்டிக்கொள்ளும். வெய்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1962-இல் கிடாவின் விதைப்பையை மட்டும் சூடுபடுத்திப் பார்த்தார். கிடா மூச்சிரைக்கத் தொடங்கியது. விடாமல் இரைத்து இரைத்து, உடம்பின் உட்சூடு வழக்கத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. விரையைக் காப்பாற்ற உடம்பு முழுவதையும் குளிர வைக்கும் அளவுக்கு அந்தத் தோலின் சொல்லுக்கு மதிப்பு.

அப்படியும் தோற்கும் நாட்கள் உண்டு. கோடையில் ஆஸ்திரேலிய உள்நாட்டு வெயிலில் கிடந்த கிடாக்களின் விந்து கெட்டுப்போவதை கன் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 1942-இலேயே விரிவாகப் பதிவு செய்தார்கள். சூடு முதலில் தாக்குவது பாதி வளர்ந்த அணுக்களை. ஆகவே வெயிலடித்த வாரத்தில் விந்து பார்வைக்குச் சரியாகவே இருக்கும். இரண்டு வாரத்துக்குப் பிறகே சரியும்; தேற இரண்டு மாதம். காய்ச்சல் கண்ட கிடாவுக்கும் இதே கதைதான். மெரினோவுக்குள்ளேயே இதில் பேதம் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் டிராங்கி ஆய்வுப் பண்ணையில் தோல் மடிப்பு மிகுந்த கிடாக்களையும் மடிப்பற்றவற்றையும் தனித்தனி மந்தையாக வளர்த்தார்கள். மடிப்புகளுக்குக் கம்பளி கூடும் என்று அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்கள் மடிப்பையே விரும்பினார்கள். சினைப்படுத்துவதில் மடிப்புக் கிடாக்கள் பின்தங்கின. வெயில் காலத்தில் இன்னும் மோசமாகத் தோற்றன. விதைப்பைமேல் வளர்ந்த கம்பளியும் போர்வையாகிச் சூட்டைத் தேக்கும் என்பதால் கிடாவை விடுமுன் அங்கே கத்தரிக்கச் சொல்வார்கள்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். குமரியில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. சோயேவைப் போல வெளிச்சத்தைப் பார்த்துப் பருவம் கணிக்க இங்கே பெரிதாக எதுவும் இல்லை. மெச்சேரி, வெம்பூர்க் கிடாக்கள் கம்பளி இல்லாத, முடி போர்த்திய உடம்போடு வருடம் முழுவதும் பொலிக்கு நிற்கும். அவற்றை ஆட்டுவிப்பவை மேய்ச்சலும் வெயிலும். அக்னி நட்சத்திரத்தில் காய்ந்த தட்டையைக் கடித்துக்கொண்டு நிழலில்லாத கிடையில் நின்ற கிடா, ஆனி கடைசியில் மழைப்பசுமை கண்டு தெம்பாகத் தெரியும். உள்ளே அதன் கிடங்கில் இருப்பதோ சித்திரைச் சரக்கு. உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டோடு மெரினோவையும் ரேம்புலேயையும் கலந்து சாண்டினோ என்ற இனத்தை உருவாக்கினார்கள். மெரினோவும் ரேம்புலேயும் பகலின் நீளத்துக்குப் பெரிதாக அடிமைப்படாத கம்பளி இனங்கள் என்பது, பகல் ஏறக்குறைய மாறாத அந்த மலைக்கு ஒரு அனுகூலம். சமவெளி வெயில் அங்கே இல்லை என்பது இன்னொன்று.

திரும்ப அந்த ஸ்காட்லாந்துப் பண்ணைக்கே வருகிறேன். நவம்பரில் கிடாவை விடும்போது அதன் நெஞ்சில் வாரிட்டு ஒரு சாயக்கட்டியைக் கட்டிவிடுவார்கள். அது ஏறிய பெட்டையின் பின்முதுகில் மஞ்சள் ஒட்டும். பெட்டைக்குப் பருவச் சுழற்சி 17 நாள் என்பதால் பதினாறாம் நாள் கட்டியை மாற்றிப் பச்சை வைப்பார்கள். சினை பிடித்தவள் மறுபடி பருவத்துக்கு வரமாட்டாள், மஞ்சளோடு நிற்பாள். காலையில் மந்தை மேட்டில் ஏறும்போது பின்னால் நின்று பார்த்தாலே போதும். மஞ்சளுக்கு மேல் பச்சை விழுந்தவை நாலைந்து என்றால் யாரும் அதைப் பேசமாட்டார்கள். பாதி மந்தையில் விழுந்திருந்தால் அன்றே கிடாவைப் பிடித்துக் கட்டி, வேறொன்றை இறக்குவார்கள். இறக்குவதற்கு முன் மருத்துவர் கேட்கும் கேள்வி புதுக் கிடாவைப் பற்றியதுதான்: செப்டம்பரில் இது எங்கே நின்றது, காய்ச்சலில் படுத்ததா?